எங்க ஊட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க

பம்பாய்
12-9-1982

அன்புள்ள வசந்தாமணிக்கு, சரவணமுத்து எழுதுவது. நானும் உன் தம்பி சென்னிமலையும் இங்கே சுகமாக இருக்கிறோம். உன் சுகத்துக்கும் பாப்பாவின் சுகத்துக்கும் எழுது. பாப்பாவுக்குச் சளி விட்டதா?

ஒரு புதுச் சங்கதி. நாமக்கல்லில் லாரி பாடிக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்த என்னை இந்தக் கம்பெனியிலும் இரும்பு பற்றவைக்கத்தான் கூப்பிட்டார்கள் என்று நினைத்தோம். வேலை அதுதான். ஆனால் இடம் வேறு. கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடைகளின் கால்கள் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. உள்ளே இறங்கிப் பற்றவைக்க ஆள் வேண்டுமாம். அதற்கு முதலில் முக்குளிக்கப் படிக்க வேண்டும். என்னைக் கேட்டார்கள், சரி என்றேன். கூடவே சென்னிமலையும் பெயர் கொடுத்துவிட்டான். தை மாதம் கல்யாணம் முடிந்து பெண்டாட்டியோடு வரும்போது உதவியாளாக இல்லாமல் தொழில்காரனாக இருக்க வேண்டுமாம் அவனுக்கு.

சொல்லித் தருகிறவர் குரியன் சார். கப்பற்படையில் இருந்து ஓய்வு பெற்ற மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். முதல் நாள் நீச்சல் குளத்தில் நிற்காமல் பல சுற்று நீந்தச் சொன்னார்கள். கிணற்றில் குதித்து வளர்ந்த நமக்கு அது ஒரு வேலையா? பிறகு டாக்டர் பரிசோதனை. காதில் சீழ் உண்டா, இளைப்பு உண்டா, நெஞ்சுவலி உண்டா, வலிப்பு உண்டா என்று வரிசையாகக் கேட்டார். "எங்க ஊட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லீங்க" என்று நானே இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். குரியன் சார் சிரித்துக்கொண்டே இந்தியில் அதை டாக்டருக்குச் சொன்னார்.

அம்மாவுக்கு என் கும்பிடு. பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
சரவணமுத்து


நாமக்கல்
19-9-1982

அன்புள்ள மாமாவுக்கு, வசந்தாமணி எழுதிக்கொண்டது. ஆஞ்சநேயர் புண்ணியத்தில் நானும் பாப்பாவும் அத்தையும் சுகம். சளி விட்டுவிட்டது.

சென்னிமலையைத் தண்ணீருக்குள் இறக்க நீங்கள் யாரைக் கேட்டீர்கள்? ஆத்தாள் செத்த பிறகு அவனுக்கு நான்தான் தாய். என்னிடம் ஒரு கார்டு போட்டுக் கேட்க உங்களுக்கு நேரமில்லை. பம்பாயில் உங்களுக்குக் கூடமாட இருக்கத்தான் அவனை அனுப்பினேன், கடலில் முக்க அல்ல.

அவன் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம் இருக்கிறது. எங்கள் ஊர் எடப்பாடியில் ஜோசியர் அன்றே சொல்லியிருக்கிறார். நாமகிரிப்பேட்டையில் பெண் வீட்டில், மயிலம்மாள் மகள் சௌந்திரத்துக்குக் கல்யாணப் பட்டு எடுக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் இதெல்லாம் வேண்டாம். இந்தக் கடிதம் கண்டவுடன் அவனை அந்தப் படிப்பில் இருந்து எடுத்துவிடுங்கள்.

அவன் பெட்டியில் சத்து மாத்திரை வைத்திருக்கிறேன். தினமும் தவறாமல் போடச் சொல்லுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுகிறானா, நன்றாகத் தூங்குகிறானா என்று எழுதுங்கள்.

வசந்தாமணி


பம்பாய்
28-9-1982

அன்புள்ள வசந்தாமணிக்கு, எல்லாரும் சுகம் என்று தெரிந்து சந்தோஷம். இங்கேயும் சுகம்.

இருபத்துமூன்று வயது ஆளுக்குப் பாலாடை வைத்துப் பால் புகட்டச் சொல்கிறாய். தண்ணீரில் கண்டம் உள்ளவன்தான் சின்ன வயதில் உங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குள் மூன்று ஆள் உயரத்தில் இருந்து குதித்தானா? ஜோசியருக்கு வேலையில்லை, உனக்கும் வேலையில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் மச்சானைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா?

படிப்பு அப்படியொன்றும் பயப்படுகிற மாதிரி இல்லை. முதுகில் சிலிண்டர் கட்டுகிறார்கள். நம் பட்டறை சிலிண்டர் போலத்தான், உள்ளே இருப்பது மட்டும் வெறும் காற்று. வாயில் ஒரு குழாயைக் கடித்துக்கொண்டு அதன் வழியாக மூச்சு விட வேண்டும். மூக்கையும் கண்ணையும் சேர்த்து மூடும் கண்ணாடி ஒன்று உண்டு. முதல் வாரம் முழுக்க அந்தக் கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றப் பழக்குகிறார்கள். எல்லாருக்கும் அதில்தான் உயிர் போகிறது. நான் இருமிக்கொண்டு நான்கு முறை மேலே ஓடி வந்தேன். சென்னிமலை முதல் முறையிலேயே செய்துவிட்டான். குரியன் சார் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

யாரும் தனியாக இறங்கக் கூடாது. இருவர் இருவராகத்தான். ஒருவன் காற்று தீர்ந்தால் மற்றவன் தன் குழாயைக் கொடுத்து மாற்றி மாற்றி மூச்சு விட வேண்டும். எனக்குச் சோடி சென்னிமலைதான். இனி ஜோசியத்தை எனக்கு எழுதாதே.

சரவணமுத்து


நாமக்கல்
5-10-1982

மாமாவுக்கு, வசந்தாமணி எழுதுவது. இங்கே உடம்புக்கெல்லாம் சுகம்தான்.

நான் வேலையில்லாமல் எழுதவில்லை. எருமை இரண்டு, உங்கள் அம்மா ஒருத்தி, பாப்பா ஒருத்தி, இதற்கு நடுவில் கல்யாண வேலை. ஜோசியத்தை விடுங்கள். நான் வேண்டாம் என்கிறேன். கட்டிய பெண்டாட்டி ஒன்று வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று ஆயிரம் கேள்வி கேட்பீர்களா? பட்டறை முதலாளி சொன்னால் மறுபேச்சு இல்லாமல் செய்கிறீர்கள் அல்லவா?

அவனைத் தண்ணீரில் இருந்து எடுங்கள். வேறு எந்த வேலையில் வேண்டுமானாலும் வையுங்கள். உயரத்தில் ஏறுகிற வேலையும் வேண்டாம். அந்த மாத்திரையைப் போடுகிறானா என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை.

அவனையே எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

வசந்தாமணி


பம்பாய்
30-10-1982

வசந்தாமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத நாளாகிவிட்டது.

படிப்பு நடக்கிறது. இப்போது பாடம்தான் அதிகம். கீழே போகப் போகத் தண்ணீர் நம்மை அமுக்கும். காது அடைக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் திறக்கும். சளி பிடித்திருந்தால் இறங்கக் கூடாது. கீழே இருக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. அடக்கியபடி மேலே வந்தால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். நாம் விட்ட காற்றுக் குமிழி எவ்வளவு வேகமாக மேலே போகிறதோ அதைவிட மெதுவாக ஏற வேண்டும். அவசரம் என்றாலும் அப்படித்தான். பயந்து ஓடுகிறவன்தான் சாகிறான் என்று குரியன் சார் தினமும் சொல்கிறார்.

கையால் பேச வேண்டும். விரலை வட்டமாகக் காட்டினால் நன்றாக இருக்கிறேன் என்று பொருள். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம் என்று பொருள். இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட். சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு மீட்டர்.

அடுத்த மாதக் கடைசியில் மால்வண் என்ற ஊருக்கு அழைத்துப் போவார்கள். அங்கே கடல் தெளிவாக இருக்குமாம். நான்கு முறை இறங்கித் தேறினால் சான்றிதழ்.

இவ்வளவுதான்.

மு. சரவணமுத்து


நாமக்கல்
6-11-1982

மாமாவுக்கு,

ஈயக்கட்டி, மீட்டர், குமிழி எல்லாம் வந்திருக்கிறது. என் தம்பி பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. பாப்பா எப்படி இருக்கிறாள் என்றுகூடக் கேட்கவில்லை. என்றைக்கும் இல்லாமல் இனிஷியலோடு கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் என்ன, பட்டறைக்கு இரும்பு அனுப்புகிற கடைக்காரியா?

அவன் எங்கே? அவனுக்கு என்ன ஆயிற்று? அவன் கையால் எழுதி இரண்டு மாதம் ஆகிறது. பட்டறைக்கு ஓடிப்போய் டிரங்க் கால் போடச் சொன்னேன். அந்தக் கம்பெனியில் எவனோ இந்தியில் பேசிவிட்டு வைத்துவிட்டான்.

மயிலம்மாள் நேற்று வந்து, மாப்பிள்ளை தீபாவளிக்கு வருவாரா என்று கேட்டாள். லீவு இல்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன். உங்களால் நான் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவன் இருக்கிறானா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.

வசந்தாமணி


பம்பாய்
14-11-1982

வசந்தாமணிக்கு,

இருக்கிறான். உயிரோடுதான் இருக்கிறான்.

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். அவற்றில் இருந்த வார்த்தைகளை நீ படிக்க வேண்டாம் என்று கிழித்தேன். இனி அடக்க முடியாது.

அக்டோபர் பாதியில் ஒரு காலை, குளத்தின் ஆழமான பக்கத்தில் நானும் அவனும் அடியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். குழாயை வாயில் இருந்து எடுத்துத் திரும்பப் போடும் பயிற்சி. அவன் முறை வந்தபோது கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பினான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். வட்டம் காட்டினேன். அவன் கை உதறிக்கொண்டிருந்தது. கண் வெள்ளையாக மேலே போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டான், குழாயை வாயில் செருக முடியவில்லை. அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இடுப்பைக் கட்டி மேலே இழுத்து வந்தேன். உதடு நீலம். குரியன் சார் கவிழ்த்துப் போட்டுத் தண்ணீரை வெளியே எடுத்தார். மூச்சு வரும்வரை நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். பாப்பா மேல் ஆணையாக இல்லை என்று சத்தியம் செய்தேன். நம் குழந்தை மேல், வசந்தாமணி. இரண்டு நாள் கழித்து அவன் தெளிந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அக்காளுக்குத் தெரியுமுங்க மச்சான். பன்னெண்டு வயசிலிருந்தே இருக்குது. ரூம்ல எல்லாரும் என்ன மாத்திரைன்னு கேட்டாங்கன்னு நாந்தான் நிறுத்திப்போட்டேன்" என்றான்.

உனக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே டாக்டர் கேட்ட கேள்வியை எழுதியிருந்தேன், நான் சொன்ன பதிலையும் எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஜோசியர் சொன்னார் என்று எழுதினாய். "அவனுக்கு வலிப்பு உண்டு" என்று எழுத உனக்கு மை இல்லையா? அவன் அன்று என் கையில் செத்திருந்தால், அக்கா புருஷனே கூட்டிப்போய்க் கொன்றுவிட்டான் என்று உன் சொந்தமெல்லாம் பேசியிருக்கும். நீயும் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய்.

இத்தனை வருஷம் உனக்கும் எனக்கும் நடுவில் இதை வைத்துக்கொண்டு சோறு போட்டிருக்கிறாய்.

அவன் இப்போது கம்பெனிக் கிடங்கில் இருக்கிறான். மாத்திரையை நானே நின்று போடவைக்கிறேன். நாமகிரிப்பேட்டைக்கு நீயே போய் அந்தப் பெண்ணிடம் சொல். நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

சரவணமுத்து


நாமக்கல்
22-11-1982

சரவணமுத்து அவர்களுக்கு,

நடந்தது அக்டோபர் பாதியில். நீங்கள் எழுதியது நவம்பர் பாதியில். ஒரு மாதம் என் தம்பி செத்தானா பிழைத்தானா என்று தெரியாமல் நான் எருமைக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். என்னைத் தண்டிக்கத்தான் அப்படிச் செய்தீர்கள். என் பொய்யைப் பற்றிப் பேச உங்களுக்கு வாய் இருக்கிறது.

கேட்டுக்கொள்ளுங்கள். அவனுக்கு முதலில் வந்தது பள்ளிக்கூடத்தில். அடுத்த நாளே வாத்தியார் அவனைத் தனியாக உட்காரவைத்தார். பிள்ளைகள் அவன் குடித்த டம்ளரைத் தொடவில்லை. ஆத்தாள் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிட்டாள். சேலத்தில் ஒரு டாக்டரைப் பிடித்து, ஆத்தாள் பேரிலேயே சீட்டு எழுதி மாத்திரை வாங்கினோம். ஊரே மறந்துபோச்சு. எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை என்று ஆக்க ஆத்தாள் பட்ட பாட்டை நீங்கள் பார்க்கவில்லை.

நீங்கள் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று காலையில் அவனுக்கு வந்தது. தோட்டத்துச் சாளைக் குடிசையில் அவனைப் படுக்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் உங்களுக்குக் காபி கொடுத்தேன். நான் தலை நிமிராமல் நின்றதைப் பார்த்து வெட்கம் என்று உங்கள் அம்மா சிரித்தார்கள். அன்று சொல்லியிருந்தால் அந்த அம்மா காபியைக் குடித்திருப்பார்களா? "ரத்தத்துல இருக்குது, பொறக்குறதுக்கும் வரும்" என்று எழுந்து போயிருப்பார்கள். இல்லை என்று நெஞ்சைத் தொட்டு எழுதுங்கள் பார்ப்போம்.

நாமகிரிப்பேட்டைக்கு நீங்கள் ஒரு வரி எழுதினாலும், பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எடப்பாடிக்குப் போய்விடுவேன். அப்புறம் உங்கள் அம்மாவுக்கு நீங்களே வந்து சோறு ஆக்கிப் போடுங்கள்.

வசந்தாமணி


பம்பாய்
1-12-1982

வசந்தாமணிக்கு,

அம்மா எழுந்து போயிருப்பாள். அது உண்மை. நான் என்ன செய்திருப்பேன் என்று நீ என்னைக் கேட்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பு வேண்டாம், பின்பாவது கேட்டிருக்கலாம்.

உன்னைத் தண்டிக்கத்தான் எழுதாமல் இருந்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக என் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே.

நாமகிரிப்பேட்டைக்கு நான் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை போலிருக்கிறது. உன் கடைசிக் கடிதத்தை சென்னிமலை படித்துவிட்டான். மறுநாள் காலையில் சம்பளத்தை வாங்கிக்கொண்டு பெட்டியோடு கிளம்பிவிட்டான். எங்கே என்று குரியன் சாரிடம்கூடச் சொல்லவில்லை. சேலம் வண்டியில் ஏறியதாக ஒருவன் சொன்னான். வந்தவுடன் தந்தி கொடு.

நாளை எங்களை மால்வண் அழைத்துப் போகிறார்கள். எனக்குப் புதுச் சோடி, ஒரு மராட்டிக்காரன். அவனிடம் நானே முதலில் கேட்டேன், உனக்கு என்ன நோவெல்லாம் உண்டு என்று.

சரவணமுத்து


நாமக்கல்
20-12-1982

மாமாவுக்கு,

வந்துவிட்டான் என்று தந்தி கொடுத்தேன், கிடைத்திருக்கும். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

சேலத்தில் இறங்கியவன் இங்கே வரவில்லை. பெட்டியோடு நேராக நாமகிரிப்பேட்டைக்குப் போயிருக்கிறான். வாசலில் சௌந்திரத்தின் அப்பா மருதாசலம் மஞ்சள் மூட்டைக்கு எடை போட்டுக்கொண்டிருந்தாராம். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று உள்ளே பலகாரத்துக்கு அடுப்புப் பற்றவைத்துவிட்டார்கள். இவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் வந்தது, சாளையில் கிடந்தது, குளத்தில் விழுந்தது எல்லாம்.

மருதாசலம் அவன் பெட்டியைத் தூக்கி ரோட்டில் எறிந்தாராம். எட்டு ஊருக்குச் சொல்லியாகிவிட்டது, என் மகள் பேர் என்னாவது என்று கத்தினாராம். அப்போது சௌந்திரம் நடைக்கு வந்திருக்கிறாள். அதுவரை அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை அவள்.

"தண்ணிக்குள்ள அப்படி ஆனப்ப உங்களை யாருங்க புடிச்சா?" என்று கேட்டாளாம்.

மச்சான் என்று சொல்லியிருக்கிறான்.

"கண்ணாலத்துக்கப்புறம் நாந்தானுங்களே புடிக்கோணும்? எனக்குத் தெரியாம நான் எப்படிப் புடிப்பேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாளாம். அழவும் இல்லையாம்.

மறுநாள் மயிலம்மாள் இங்கே வந்து, நிச்சயத்துக்கு வைத்த தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். தெரு முழுக்க நின்று கேட்க அரை மணி நேரம் பேசினாள். நான் ஒன்றும் மறுக்கவில்லை. உங்கள் அம்மாவும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எழுந்து போகவில்லை. போக இனி இடம் ஏது? சாயங்காலம் சென்னிமலைக்குச் சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "இதை எங்கிட்ட மறைக்கோணும்னு யாரு சாமி உனக்குச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார்கள். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

எனக்கு எல்லார் மேலும் கோபம். அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி, அதனால் அவள் மேலும் கோபம்.

வசந்தாமணி


பம்பாய்
9-1-1983

வசந்தாமணிக்கு, நீ சுகமா? பாப்பா சுகமா? இந்த முறை கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மால்வணில் தேறிவிட்டேன். முதல் முறை படகில் இருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தபோது எல்லாப் பாடமும் மறந்துபோனது. குளம் வேறு, கடல் வேறு. காது அடைத்தது, ஊதித் திறந்தேன். கீழே பாறை மேல் மீன்கள் ஆட்டுப் பட்டி போலக் கூட்டமாக நின்றன. பயம் போய்விட்டது. போன பிறகு அங்கே உன் ஞாபகம்தான் வந்தது. சந்தோஷமான ஞாபகம் இல்லை, மறைக்காமல் சொல்கிறேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். சாதாரணக் காய்ச்சலுக்கு இந்த ஆர்ப்பாட்டமா என்று நான் திட்டுவேன். பாப்பாவுக்கும் அது வந்துவிடுமோ என்றுதான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று அந்தக் கடலுக்கடியில்தான் எனக்குப் புரிந்தது. நானும் ஒரு கையைப் பிடித்திருப்பேன், வசந்தாமணி. சொல்லியிருந்தால் பிடித்திருப்பேன். இதைவிடப் பெரிய கோபம் எனக்கு வேறு எதிலும் இல்லை.

கம்பெனியில் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள். மாத முடிவுக்குள் கையெழுத்து வேண்டுமாம். இருக்கட்டுமா, வரட்டுமா, நீயே சொல்.

சரவணமுத்து


நாமக்கல்
16-1-1983

மாமாவுக்கு, வசந்தாமணி எழுதிக்கொண்டது. பொங்கல் ஆகிவிட்டது. எல்லாருக்கும் உடம்பு சுகம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சென்னிமலை பட்டறைக்குப் போகிறான். முதலாளியிடம் அவனே சொல்லிவிட்டான். பற்றவைக்க வேண்டாம், ஏணியில் ஏற வேண்டாம் என்று லாரி பாடிக்கு மரம் அளக்கிற இடத்தில் விட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் அவனோடு உட்கார்ந்து டீ குடிப்பதில்லையாம். மற்றவர்கள் குடிக்கிறார்கள். சௌந்திரத்தைப் பார்க்க கெங்கவல்லியில் இருந்து ஒரு வீட்டார் வந்தார்களாம். மாப்பிள்ளைக்கு என்ன நோவு உண்டு என்று அவளே சபையில் கேட்டாளாம். அவர்கள் பலகாரத்தைத் தொடாமல் போய்விட்டார்கள். ஊரெல்லாம் அவளுக்கு வாய் அதிகம் என்று பேசுகிறது. நான் போய் அவளைப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். வாசலிலேயே நிறுத்தினாலும் நிறுத்தட்டும்.

இருக்கட்டுமா வரட்டுமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். நாளைக்கு ஒன்று ஆனால், நீதான் சொன்னாய் என்பதற்காகவா? உங்கள் ஒப்பந்தத்தை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒருமுறை வாருங்கள்.

கோபம் தீர்ந்து வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். எனக்கும் தீரவில்லை, தீரும் என்றும் தெரியவில்லை. கடிதத்தில் கோபப்பட்டால் பதில் வர எட்டு நாள் ஆகிறது. அந்த எட்டு நாளும் நான் உங்களிடம் என்னென்னவோ பேசி, நீங்கள் சொல்லாத பதிலுக்கெல்லாம் அழுகிறேன். நேரில் வந்து திட்டுங்கள், நானும் திட்டுகிறேன். அத்தை இருக்கிறார்கள், யார் பக்கம் நியாயம் என்று அவர்கள் சொல்லட்டும்.

பாப்பாவுக்கு முந்தாநாள் மறுபடி காய்ச்சல். சென்னிமலை ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்துக்கொண்டிருந்தோம். இன்று காலை எழுந்து இட்லி கேட்டாள்.

வசந்தாமணி